அப்பளம் மாறி இருந்த துணி

சங்கரி, அதே துணிதான், புச்சு இல்ல. "உன் வூட்டு உப்புத்தண்ணில தொவச்சா துணி அப்பளம் மாறி ஆவுது, கொயந்த தொட புண்ணாவுது"ன்னு கத்திட்டு படாளத்துக்கு உங்கம்மா வூட்டுக்குப் போனியே, அந்தத் துணிங்கதான் கொடில கீது. மிச்சத்தையும் மூட்ட கட்ட இன்னிக்கு வரேன்னியே, அதுக்கு முன்னாடி ஒருவாட்டி தொட்டுப் பாரு.

கடைசி அலசல்ல ஒரு பக்கெட்டுக்கு ரெண்டு மூடி வினிகரு, அவ்ளோதான். துணி மெத்துன்னு ஆவறதுக்கு எங்க ஹோட்டல் லாண்டரில ஊத்தறது ஒரே சென்ட் வாசன, கொயந்தைக்கு ஆவாது, அதான் நானே கலந்தேன். காஞ்சா வாட போய்டும், பயப்படாத. அரிக்குதான்னு பாக்க ஒரு துணிய கழுத்துல சுத்திகினு டூட்டி பாத்தேன். மேனேஜரு "இன்னா பரணி, தொண்ட கட்டிகிச்சா?"ன்றாரு! அரிக்கவே இல்ல, சத்தியமா.

பால் சுறா புட்டு சட்டில கீது, சூடு பண்ணித் துன்னு. பக்கத்து வூட்டு லோகநாயகி அக்காகிட்ட வாங்கன சாவிய திருப்பிக் குடுக்காத, நீயே வெச்சிக்கோ.

இன்னொன்னு, திட்டாத. பீரோல உன் நீலக் காட்டன் பொடவ வெறப்பா இருந்துச்சு. அதுவும் உப்பு வேலதான்னு வினிகரு தண்ணில முக்கிட்டேன். அக்கா தலைல அடிச்சிகினு, "டேய், அது அவ போட்ட கஞ்சிடா!"ன்னாங்க. சோறு வடிச்ச கஞ்சிய சொம்புல மூடி வெச்சிருக்கேன். டூட்டி முடிச்சு வந்து நானே போட்டுக் குடுக்கறேன்.

தொட்டியா? எப்டி கீது? சாயங்காலம் வரிக்கும் இருப்பியா?