முதல் ஸ்பூன் மூக்காயிக்கு

அன்புள்ள மூக்காயிக்கு,

உன் முக்கால் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் அக்கா வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். உன்னை இன்னும் மூக்காயி என்றே கூப்பிடலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தேன். எந்தத் தட்டு வந்தாலும் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாய் என்று நாங்கள் வைத்த பெயர். காய்ச்சல் வந்துபோய் உனக்கு வாசனையே தெரியாமல் போன பிறகு, அந்தப் பெயர் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். ஆனால் வேறு எப்படி ஆரம்பித்தாலும் யாரோ தெரியாத அம்மாளுக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. கோபம் வந்தால் திட்டு. திட்டுவதற்காகவாவது ரெண்டு வரிக்கு மேல் எழுதுவாய்.

போன கடிதத்தில் நீ எழுதியது ரெண்டே வரிதான். எதைத் தின்றாலும் நனைந்த காகிதம் மாதிரி இருக்கிறது, பயணத்துக்கு நீங்கள் மூன்று பேரும் போய் வாருங்கள் என்று ஒன்று. இனி ஓட்டலிலும் எனக்கு நாற்காலி போட வேண்டாம், வேறு யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இன்னொன்று. நம் பல் டாக்டர் அதைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். நம் கணக்கு டீச்சர்தான், இவளுக்கு மூக்கோட சேர்த்து மூளையும் போச்சா என்று கேட்டாள். நான் அன்றைக்கு என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு இடது வலது லென்ஸை மாற்றிப் பொருத்திக் கொடுத்துவிட்டேன். பாவம் மனிதர், வாசல்படியிலேயே தடுமாறித் திரும்பி வந்தார்.

உன்மேல் இருந்த கோபத்திலேயே கிளம்பிப் போனோம். நாம் நாலு பேரும் போவதாக இருந்த அந்த ஏரிக்கரை ஊருக்குத்தான். ரயிலில் உன் ஜன்னல் இடத்தில் எங்கள் பைகள் உட்கார்ந்துகொண்டு வந்தன. ஏரி நன்றாக இருந்தது என்று மற்ற இருவரும் சொன்னார்கள். பயணம் போனால் நான் எதைப் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும். படகுத்துறைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை, வாசலில் சாக்பீஸில் எழுதிய பலகை. பலகையில் காய்கறி வகை மட்டுமே பாதிக்கு மேல் இருந்தது. எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது.

பரிமாற வந்தவர் சைவமா அசைவமா என்று கேட்டார். டீச்சர் வழக்கம்போல என்னைக் காட்டி, இவ முக்கால் சைவம் என்றாள். மீதிக் கால் என்னங்க என்று அவர் சிரித்தார். எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கால், நீ உன் தட்டிலிருந்து எடுத்து, முகர்ந்து பார்த்து, இது உனக்கு ஒத்துக்கும் என்று சொல்லி என் வாய்க்கு நேரே நீட்டுகிற ஒரே ஒரு துண்டு. நானாக இதுவரை ஒரு மீனோ கறியோ கேட்டு வாங்கியதில்லை. நீ அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து நான் முழுச் சைவமாகி நிற்கிறேன், அதுவும் என்னைக் கேட்காமலேயே.

காளான் சூப் வந்தது. நடுவில் வைத்தார். இனி நடந்ததைக் கேள். நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். யாரும் ஸ்பூனைத் தொடவில்லை. முதல் ஸ்பூன் உன்னுடையது என்று கை இத்தனை வருஷமாகப் பழகியிருக்கிறது. நீ ஒரு வாய் எடுத்து, காளான் மட்டும்தான், இறங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னால்தானே நாங்கள் இறங்குவோம். ஆவி அடங்கி மேலே ஆடை படிய ஆரம்பித்தது. பரிமாறினவர் வந்து எட்டிப் பார்த்தார், போனார், மறுபடி வந்தார். சூப்பில் பூச்சி கீச்சி கிடக்கிறதோ என்று பயந்து உள்ளே போய்ச் சமையல்கார அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த அம்மா நல்ல ஆகிருதி. இடுப்பில் கைவைத்து, என் சூப்புல என்ன குறைன்னு அத முறைச்சுப் பாத்துட்டு இருக்கீங்க என்று கேட்டார். பல் டாக்டர்தான் மெதுவாக, எங்க சிநேகிதிதான் முதல்ல ருசி பார்ப்பா, அவ வரல என்றாள். அந்த அம்மாவுக்கு மனம் இளகும் என்று பார்த்தால், வராத ஆளுக்காக வந்த சூப்பை ஆறப்போடுவீங்களா என்று ஒரு அதட்டு. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்து, டங்கென்று வைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி குடித்தோம். நன்றாக இருந்தது. அப்புறம் சண்டை ஆரம்பித்தது. டீச்சர் இதில் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீர் இருக்கிறது என்றாள். டாக்டர் இல்லவே இல்லை, பூண்டு என்றாள். எனக்கோ மீன் வாசனை மாதிரி இருந்தது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டோம். காளானும் உப்பும் மிளகும் தவிர ஒன்றும் கிடையாதாம். அந்த அம்மா எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மூன்று பேருக்கும் மூக்கு முழுசாக வேலை செய்கிறது, மூக்காயி. என்ன பிரயோஜனம்?

மறுநாள் டாக்டர் ஒரு காரியம் செய்தாள். படகுத்துறைக் கடையில் நீச்சலடிக்கிறவர்கள் மூக்கில் மாட்டுகிற கிளிப் விற்கிறார்கள். ஆளுக்கொன்று வாங்கி வந்தாள். நம்ம மூக்காயி என்ன தின்கிறாள் என்று நாமும் தெரிந்துகொள்வோம் என்றாள். அதே கடைக்குப் போய், கிளிப்பை மாட்டிக்கொண்டு, பலகையில் இருந்ததில் பாதியை வரவழைத்தோம். சுட்ட கத்தரிக்காயைப் பிளந்து பூண்டெண்ணெய் ஊற்றியது, வெண்ணெயில் புரட்டிய பூசணி, ஆப்பிளும் வெங்காயமும் நறுக்கிப் போட்ட சாலட், அடுப்பிலிருந்து நேரே வந்த ரொட்டி. முந்தின நாள் பக்கத்து மேசையில் அந்தக் கத்தரிக்காயைப் பார்த்து எச்சில் விழுங்கினவள் நான். வாயில் வைத்தேன். சூடாக, கொழகொழவென்று ஏதோ ஒன்று. ஆப்பிள் எது, வெங்காயம் எது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. டீச்சர் ரெண்டு வாயில் கிளிப்பைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை அடைத்துக்கொண்டு அழுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எங்களால் ஒரு வேளை தாங்க முடியவில்லை. நீ இத்தனை மாதமாக அப்படித்தான் சாப்பிடுகிறாய், நாங்கள் என்னவென்றால் சீக்கிரம் சரியாகிவிடும் என்று சுலபமாக எழுதிக்கொண்டிருந்தோம்.

அதற்குள் அந்த அம்மா வெளியே வந்துவிட்டார். மூன்று பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் சமையலைச் சாப்பிடுகிறோம், அதில் ஒருத்தி அழுகிறாள். நீயே நினைத்துப் பார். என் சாப்பாடு நாறுதா என்று கேட்ட சத்தத்தில் ஏரியில் படகு நின்றிருக்கும். டாக்டர் கிளிப்போடேயே மூக்கால் பேசி விளக்கினாள். அந்த அம்மா கேட்டுவிட்டு, பொத்தென்று நாலாவது நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார் பார், மேசையே ஆடியது. எனக்குச் சுருக்கென்றது. நல்ல மனுஷிதான், இருந்தாலும் அது உன் நாற்காலி. வேறு யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சுலபமாக எழுதிவிட்டாய். ஒரு நிமிஷம் ஒருத்தர் உட்கார்ந்ததையே என்னால் பொறுக்க முடியவில்லை, போடி.

சிரித்து முடித்து எழுந்து போனவர் ஒரு தட்டோடு வந்தார். தாள் மாதிரி சீவிப் பொரித்த உருளைக்கிழங்கு, மேலே மிளகும் எலுமிச்சையும், பக்கத்தில் ஐஸ் மாதிரி குளிர்ந்த தயிர். கிளிப்பைக் கழற்றாமலேயே எடுத்தேன். சூடு, மொறுமொறு, சுளீரென்று புளிப்பு, பின்னாலேயே காரம், தயிர் பட்டதும் ஜில்லென்று ஆகிறது. இன்னொன்று எடுத்தேன். டாக்டரும் எடுத்தாள். டீச்சர் மறுபடி கிளிப்பை மாட்டிக்கொண்டு வந்து எடுத்தாள். கடைசித் துண்டுக்கு மூன்று கையும் மோதிக்கொண்டன. உப்பும் புளிப்பும் காரமும் நாக்குக்குத் தெரியும், அதற்கு மூக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறாள். உன் நாக்குக்கும் அது தெரியும், ஆனால் அக்கா வீட்டில் உனக்குக் கஞ்சியும் குழைந்த சோறும்தானே போடுகிறார்கள். நனைந்த காகிதம் மாதிரி இருக்காமல் வேறு எப்படி இருக்கும்? அக்காவிடம் இதைப் படித்துக் காட்டாதே.

என் கண்ணாடிக் கடை எப்போதும்போல ஓடுகிறது. டாக்டர் எங்களுக்கு இனிப்பு கூடாது என்று சொல்லிவிட்டு ரயிலில் ரெண்டு பேர் பங்கையும் அவளே தின்றாள். வருகிற மாதம் முதல் சனிக்கிழமை மத்தியானம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம் மாடி ஓட்டலில் ஜன்னல் மேசை சொல்லிவைத்திருக்கிறேன். நாலு பேருக்கு. மொறுமொறுப்பாக என்னென்ன உண்டு என்று முன்கூட்டியே போய் விசாரித்தும் வந்துவிட்டேன். முதல் ஸ்பூனை நீ எடுக்கிறவரை நாங்கள் தொட மாட்டோம், ஆறினால் ஆறட்டும். மொறுமொறு, நமத்துப் போச்சு என்று எதையாவது நீ சொன்னால் போதும். எங்களுக்குத் தீர்ப்புத்தான் வேண்டும்.

உன் மூக்கு உனக்குத் திரும்பிவர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அது வராவிட்டாலும் நீ வா. வழக்கம்போல உனக்கு ஒரு மீன் வாங்கிக்கொள், என் கால் பங்கை அதிலிருந்து எடுத்து நீட்டு. முகர்ந்து பார்க்க வேண்டாம், எனக்கு ஒத்துக்குமா என்று சொல்லவும் வேண்டாம். உன் கையிலிருந்து வந்தால் என்ன ஏது என்று கேட்காமல் வாயைத் திறப்பேன்.

பசியோடு காத்திருக்கும்,
உன் முக்கால்