சனிக்கிழமைக்கு ஒரு மீன் தொட்டி

ஜூன் 3, செவ்வாய்

கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. இரண்டடி நீளம், என்ன கனம்! தூக்கி வந்த ஆள் கூடத்தில் வைத்துவிட்டு, "பாப்பாவுக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பாப்பா இப்போது இந்த வீட்டில் இல்லை என்று அவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

தங்கை வெளிநாட்டு வேலைக்குப் போனபோது தன் இரண்டு வயது மகள் வாலுவை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். ஐந்து வருடம் கழித்து வந்தாள், ஊரின் மறுகோடியில் வீடு பார்த்தாள், பிள்ளையை அழைத்துக்கொண்டு போனாள். பெற்றவள். கேட்க நான் யார்? வாலுவுக்கு நான் அம்மா, அவள் 'போன் அம்மா'. அதுவும் எத்தனை நாளைக்கோ.

சனிக்கிழமைகளில் மட்டும் வாலு இங்கே வருவாள் என்று பேச்சு. முதல் இரண்டு சனி வந்தாள். பிறகு ஒரு சனி காய்ச்சல், அடுத்த சனி தோழிக்குப் பிறந்தநாள். போனில் நான்தான் வாயை விட்டேன்: "மீன் தொட்டி வெச்சா வருவியாடீ?"

"நெஜமாவா? எல்லா சனிக்கிழமையும் வருவேம்மா!"

லஞ்சம்தான். இருக்கட்டுமே.

ஜூன் 4, புதன்

மீன் கடைக்காரர், மீன் விடாமல் ஒரு மாதம் வெறும் தண்ணீரை ஓடவிட வேண்டும் என்கிறார். அதற்கு முன்னால் மீனை விட்டால் செத்துப்போகுமாம். "தொட்டி பழகணும்ங்க." அதென்ன, புகுந்த வீடா பழகுவதற்கு? ஆனால் யோசித்தால் நல்லதுதான். ஒரு மாதம் என்றால் நாலு சனிக்கிழமை.

ஜூன் 7, சனி

வந்தாள்! கூழாங்கல்லை வாளி வாளியாக அலசினோம். கல் நனைந்ததைவிட அவள் நனைந்ததுதான் அதிகம். என் கணவர் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "அடடா, முதல் மீனு இங்கதான் நீந்துது!" என்றார். மத்தியானம் என்மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். என் கால் மரத்துப்போகும் அந்தக் கனத்துக்குத்தான் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தேன்.

ஜூன் 21, சனி

செடி நட்டோம். அவள் நட்டதெல்லாம் மிதக்கிறது. நான் சரிசெய்யவில்லை.

ஜூலை 5, சனி

மீன் விட்டாயிற்று. எட்டு கப்பி மீன்கள். வாலுவே பெயரும் வைத்தாள். மூலையிலேயே கிடப்பது 'தாத்தா'. மற்றதையெல்லாம் விரட்டுவது 'டீச்சர்'. போகும்போது கண்ணாடிக்கு முத்தம் கொடுத்தாள். எனக்கும்தான், இரண்டாவதாக.

ஜூலை 9, புதன்

பில்டரைத் திறந்து பார்த்தால், சீ! பஞ்சு முழுக்கப் பழுப்பாக, வழவழவென்று... இந்தக் கண்றாவி வழியாகவா பிள்ளையின் மீன்களுக்குத் தண்ணீர் போகிறது? ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிக்கோல்களைக் கொதிக்கவைத்துக் கிருமி கொல்வதுதான் என் பிழைப்பு. என்னிடமா? பஞ்சு, கூழாங்கல் இரண்டையும் நன்றாகக் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டேன். தொட்டி பளபளவென்று இருக்கிறது. வாலு பார்த்தால் அசந்துபோவாள்.

ஜூலை 11, வெள்ளி

தண்ணீர் பால் மாதிரி கலங்கிக் கிடக்கிறது. டீச்சர் செத்து மிதந்தது. பிறகு இன்னும் மூன்று. கணவர் எதையோ போனில் தேடிப் பார்த்தார். போனை என் முன்னால் நீட்டினார். அந்தப் பழுப்பில் இருப்பது நல்ல கிருமிகளாம். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுவதே அவைதானாம். அவை வளரத்தான் அந்த ஒரு மாதம்.

என் கையாலேயே கொன்னுட்டேனே. சுத்தம் சுத்தம்னு... ஐயோ, நாளைக்கு அவ வருவாளே! என்ன சொல்லுவேன்?

ஜூலை 12, சனி

இரண்டுதான் மிஞ்சியது. "அதே கலர்ல வாங்கிப் போட்டுடலாம், கொழந்தைக்கு என்ன தெரியும்" என்றார் இவர். மனது வரவில்லை.

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு ஓடினாள். "தாத்தா எங்க?"

"நான்தான்டா கண்ணு... கழுவுறேன்னு..."

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அமைதியாக வந்து, "அம்மாகிட்ட போகணும்" என்றாள். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. போன் போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 19, சனி

வரவில்லை.

ஜூலை 26, சனி

வரவில்லை. தண்ணீர் தெளிந்துவிட்டது. யாருக்கு வேண்டும்?

ஆகஸ்ட் 13, புதன்

தங்கை பேசினாள். "அக்கா, இவ நச்சரிப்பு தாங்கல. இங்கயே ஒரு தொட்டி வாங்கிட்டேன். தண்ணிய ஊத்தி மீன விட்டுடலாம்ல?"

விட்டுடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் செத்துவிடும். அங்கேயும் செத்துவிட்டால் இங்கே வருவாள் அல்லவா? என் தொட்டிதான் இப்போது நன்றாக இருக்கிறதே.

ச்சீ. பிள்ளை இன்னொரு தடவை செத்த மீனைப் பார்க்க வேண்டுமா? நானா இப்படி நினைத்தேன்? அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பஞ்சு மறுபடி பழுப்பேறியிருந்தது. அதில் பாதியை வெட்டினேன். புதுத் தொட்டியில் இதைப் போட்டால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாமாம், இந்தக் கிருமிகளே அங்கேயும் பெருகிவிடுமாம். அது காயக்கூடாது என்று தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மடியெல்லாம் ஈரம்.

"என்னக்கா, இவ்வளவு அழுக்கா இருக்கு! ஒரு தடவ அலசிட்டுப் போடவா?" என்றாள் தங்கை.

"கைய வெச்சே, முறிச்சுடுவேன்!"

வாலு சிரித்துவிட்டாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. மூன்று பேருமாகப் பில்டரை மாட்டினோம். அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அம்மா, இங்க பாரேன்!" என்றாள்.

"என்னடா?" என்று நாங்கள் இருவரும் ஒன்றாகக் கேட்டோம்.

வாலுவின் முகம் சிவந்துபோயிற்று. மெதுவாக என்னிடம் சொன்னாள்: "உங்கள இல்ல, பெரியம்மா."

உங்கள. மரியாதை வேறு.

பஸ் ஏறும்வரை தாங்கினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆஸ்பத்திரியில் இனி சனிக்கிழமைகளிலும் எனக்கு வேலை போடச் சொல்லிவிட்டேன். "அந்தச் சனிக்கிழமை லீவுக்குத்தானே அவ்வளவு சண்டை போட்டீங்க?" என்று மேற்பார்வையாளர் ஆச்சரியப்பட்டார்.

"ஆமா சார். இனிமே வேண்டாம்" என்றேன்.