கமலாட்சி என்கிற வீரபாகு

ஜூன் 12, 2024, புதன்

பூனை நேற்று மூன்றாவதையும் கொண்டுபோய்விட்டது. மாகறலில் இருந்து என் மச்சான், மஹாலட்சுமியின் அண்ணன், அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்த நாலு கோழிகளில் இனி, மை தீட்டின மாதிரி கண்ணுள்ள கமலாட்சி மட்டும்தான். தீபிகாவுக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது, நாட்டுக்கோழி முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதில் ஆரம்பித்த வேலை இது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பத்தடி இடத்தில் கோழி ஓட, அதன் பின்னால் துடைப்பத்தோடு நான் ஓட, நாலு மாதம் போய்விட்டது.

தீபிகா அழவில்லை. பத்து வயதுக்கு ரொம்ப அழுத்தம். மிச்சமிருந்த கோழியை மடியில் வைத்துக்கொண்டு, "இத மட்டும் நீ பாத்துக்கோப்பா" என்றாள். சரி என்றேன். யார் எதைச் சொன்னாலும் எனக்கு முதலில் வாயில் வருவது அதுதான்.

ஜூன் 17, திங்கள்

காலை ஐந்தே காலுக்குப் பின்பக்கம் சேவல் கூவியது. நம்மிடம் ஏது சேவல் என்று எழுந்து போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லின்மேல் கமலாட்சி. கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, மறுபடியும் கூவினாள். முடித்ததும் இறங்கிப் போய்க் கூடையில் உட்கார்ந்து முட்டை போட்டாள்.

நான் பார்த்ததை நானே நம்பவில்லை.

ஜூன் 19, புதன்

கூடையோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சிரித்தார். சேவல் இல்லாத இடத்தில் சில பெட்டைகள் இப்படித் தாங்களே பொறுப்பை எடுத்துக்கொள்ளுமாம். வியாதி இல்லை, மருந்தும் இல்லை. முட்டை போடும், கூவும், இரண்டும் நடக்கும்.

அக்கம்பக்கத்தில் என்ன சொல்வது என்று கேட்டேன். அதற்கும் மருந்து இல்லை என்றார்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று நடந்ததை மறப்பதற்குள் எழுதி வைக்க வேண்டும்.

காலையில் துரைக்கண்ணு வந்தார். எங்கள் தெரு நெசவாளர் சங்கத் தலைவர். கூட நாலு பேர். நான் பட்டுச்சேலைக்கு டிசைன் வரைகிறவன், கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக அந்தச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் முதலில் மரியாதையாகத்தான் பேசினார்கள். பெட்டை கூவுவது தெருவுக்கு ஆகாது. ஒரு வாரத்தில் துரைக்கண்ணு தறியில் பாவு நூல் இரண்டு தடவை அறுந்திருக்கிறது. எதிர்வீட்டு போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. கரண்ட் போனது கூட கமலாட்சி கணக்கில்தான். பெட்டைக்கோழி கூவுவதைப் பற்றி ஒரு பழமொழி உண்டு, எல்லோருக்கும் தெரியும். ஐந்து பேரும் ஆளுக்கு ஒருமுறை அதைச் சொன்னார்கள். இந்த டைரியில் அதை நான் எழுத மாட்டேன்.

"வெள்ளிக்கெழமக்குள்ள அறுத்துடு தினகரா. கொழம்பு வெச்சா சொல்லி அனுப்பு" என்றார் துரைக்கண்ணு.

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். கதவுக்குப் பின்னால் தீபிகா கோழியைக் கட்டிக்கொண்டு நின்றாள். திறந்த வாயில் இருந்து வேறு ஏதோ வந்தது.

"அது பெட்ட இல்ல தலைவரே. சேவல். முருகனுக்கு நேர்ந்து வுட்டுருக்குது."

எங்கே இருந்து வந்தது இது? நாற்பத்து நாலு வயதில் ஒரு மனிதரைப் பார்த்து இல்லை என்று சொன்னது இதுதான் முதல்முறை. அதுவும் பொய்.

கமலாட்சி என்றுதானே பிள்ளை கூப்பிடுகிறது என்றார். அது செல்லப் பெயர், உண்மைப் பெயர் வீரபாகு என்றேன். முருகனின் தளபதி பெயர், எங்கள் குலத்துக்கே மூத்தவர் பெயர்.  போகும்போது ஒருவர் கதவுப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஜூன் 26, புதன்

முட்டை போட்டதும் அது சும்மா இருப்பதில்லை. போட்டேன் போட்டேன் என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கொக்கரிக்கிறது. உடனே மஹாலட்சுமி ஓடிப்போய் மிக்ஸியைப் போடுகிறாள். மூன்று நாளாக எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னிதான்.

ஜூலை 5, வெள்ளி

துரைக்கண்ணு வழியில் நிறுத்திக் கேட்டார். சேவல் என்றால் வால் பளபளவென்று வளைந்து நிற்க வேண்டுமே, இது என்ன துடைப்பக்கட்டை மாதிரி? ஞாயிற்றுக்கிழமை மூவர் குழு வந்து பார்க்கும் என்றார். குழு அமைக்கும் கடிதத்தை நான்தான் எழுத வேண்டுமாம். எழுதினேன்.

ஜூலை 6, சனி

என் தம்பி வசந்த் செவிலிமேட்டில் சாயப்பட்டறை வைத்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் ஐந்து நிமிஷம் சிரித்தான். அப்புறம் தொழில்காரன் ஆகிவிட்டான். பட்டுக்குப் பிடிக்கிற சாயம் இறகுக்கும் பிடிக்குமாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, பிரஷ்ஷால் வாலில் மட்டும் தடவினான். கறுப்பு அடி என்று சொல்லியிருந்தேன். கறுப்பு தீர்ந்துவிட்டது என்று பச்சை அடித்து, அதன்மேல் நீலம் அடித்தான்.

காய்ந்ததும் வெயிலில் விட்டோம். அது நடக்க நடக்க ஒரு பக்கம் பச்சை, திரும்பினால் நீலம். மயில்கழுத்து. பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஊடை ஒரு நிறம் போட்டு நெய்தால்தான் வரும் அந்த நிறம், கோழி வாலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வசந்துக்கே பெருமை தாங்கவில்லை, போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

 எந்தச் சேவலுக்குடா மயில்கழுத்து வால் இருக்குது?

ஜூலை 7, ஞாயிறு

குழு வந்தது. துரைக்கண்ணு குனிந்து வாலைப் பார்த்தார். நிமிரவே இல்லை. மாட்டினோம் என்று நினைத்தேன்.

நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். சூரனைப் பிளந்தபோது ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். அந்த இரண்டும் இந்த ஒரே உடம்பில் வந்திருக்கிறது என்றார். மற்ற இருவரும் அரோகரா போட்டார்கள். கமலாட்சி பயந்துபோய் என் காலில் எச்சம் போட்டது. அதையும் ஒருவர் நல்ல சகுனம் என்றார்.

சங்கத்துத் தீர்மான நோட்டில் என் கையாலேயே எழுதினேன்: "மேற்படி கோழி சேவலே என்று இச்சங்கம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது." கையெழுத்து: செயலாளர்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் இருந்து பெண்கள் வருகிறார்கள். கம்பு, கேழ்வரகு, ஒருத்தி முந்திரிப்பருப்பு. துரைக்கண்ணுவின் மனைவி வடிவாம்பாள் தினமும் வருகிறார். அதிகம் பேசாத அம்மா. கோழியைத் தூக்கி மடியில் வைத்து, வயிற்றைத் தடவி, காலில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனார்.

மிக்ஸி புகைந்துவிட்டது. இனி கொக்கரித்தால் மஹாலட்சுமி என்னோடு சத்தமாகச் சண்டை போடுவதாக ஏற்பாடு. இன்று மட்டும் இரண்டு தடவை போட்டோம். இரண்டாவது நிஜச் சண்டை.

ஜூலை 21, ஞாயிறு

சங்கக் கூட்டம். இருபத்தொன்பதாம் தேதி ஆடிக் கிருத்திகை. வீரபாகுவை ஊர்வலமாகக் கொண்டுபோய் நம் தெரு முருகன் கோவிலில் நேர்த்திக்கடனைச் செலுத்திவிடலாம் என்றார் துரைக்கண்ணு. எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. கோவிலுக்கு விட்ட சேவலை ஏலம் விடுவார்கள். வருஷா வருஷம் ஏலப் பட்டியலை எழுதுகிறவன் நான். வருஷா வருஷம் எடுக்கிறவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணிக் கடை வைத்திருக்கிறவர்.

அறுக்காதீங்கன்னு சொல்றதுக்கு ஒரு பொய். அந்தப் பொய்யே கத்திகிட்ட கொண்டாந்து வுட்டுருக்குது. முட்டாள். முட்டாள்.

ஜூலை 22, திங்கள்

தீபிகா கேட்டாள். நேர்ந்து விட்டால் அப்புறம் என்ன செய்வார்கள்?

ஏலம் என்றேன்.

யார் எடுப்பாங்க?

சொன்னேன். வேறென்ன செய்வது.

"அப்ப நீ காப்பாத்தலையா?" என்றாள். அப்புறம் பேசவில்லை. சாப்பிட்டாள், ஹோம்வொர்க் எழுதினாள், என்னோடு மட்டும் பேசவில்லை.

ஜூலை 25, வியாழன்

இன்றும் பேசவில்லை. தட்டில் முட்டையை வைத்தால் நகர்த்திவிடுகிறாள்.

ஜூலை 27, சனி

கோழியை மாகறலுக்கு அனுப்பிவிடலாம், பறந்துபோய்விட்டது என்று சொல்லலாம் என்றாள் மஹாலட்சுமி. மயில்தானே பாதி, பறந்தாலும் பறக்கும் என்று நம்புவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அது இன்னொரு பொய். சொன்ன பொய்களையே தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. சாமி பேரில் சொன்னது வேறு. உறுத்துகிறது.

ஜூலை 29, திங்கள், ஆடிக் கிருத்திகை

மேளத்தோடு போனோம். கமலாட்சிக்குச் சாமந்தி மாலை. நான்தான் தூக்கிக்கொண்டேன். அதன் நெஞ்சு என் கையில் படபடவென்று அடித்தது. என்னுடையதும்தான். தீபிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

கற்பூரம் காட்டினார்கள். ஏலப் பட்டியலை என் கையில் கொடுத்து, படி என்றார் துரைக்கண்ணு. பிரியாணிக் கடைக்காரர் முதல் வரிசையில் பையோடு நின்றார்.

"தலைவரே, இது பெட்ட" என்றேன்.

அந்த நொடி பார்த்து கமலாட்சி கழுத்தை நீட்டிக் கூவியது. என் கைமேலேயே. கோவில் முழுக்க அரோகரா.

இன்னும் சத்தமாகச் சொன்னேன். பெட்டை, முட்டை போடுகிறது, வாலில் இருப்பது சாயம், நேர்ந்து விட்டது பொய், எல்லாம் நான் சொன்ன பொய். ஒருத்தரும் நம்பவில்லை. பாசத்தில் பேசுகிறான், கொடுக்க மனசில்லை என்று என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். துரைக்கண்ணுவுக்கு மட்டும் கோபம். தீர்மானம் இருக்கிறது, உன் கையெழுத்து இருக்கிறது என்று கத்தினார். பொய்யை ஒரே வார்த்தையில் நம்பினவர்கள் உண்மைக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். கோழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். சொன்னது நான்தான்.

அப்போது பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். வடிவாம்பாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். பக்கத்தில் ஒருத்தி, அதற்குப் பக்கத்தில் ஒருத்தி, அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு.

"பெட்டதாங்க அது. வயித்துல கைய வெச்சா முட்ட தெரியுது. எனக்கு மொத நாளே தெரியும்" என்றார் வடிவாம்பாள்.

தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்றார் துரைக்கண்ணு.

"சொன்னா அறுத்துடுவீங்களே."

தெருவில் வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"பொடவ கட்டினவங்க எல்லாத்துக்கும்."

துரைக்கண்ணு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.  கடைசியில், சாமிக்குச் சொன்னது சொன்னதுதானே, தீர்மானம் வேறு போட்டுவிட்டோமே என்று முனகினார். வடிவாம்பாள்தான் வழி சொன்னார். நேர்ந்தது வீரபாகுவை. நாம் நெய்கிறவர்கள். வீரபாகுவைப் பட்டில் நெய்து கொடிமரத்துக்குக் கொடியாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. வரைவதற்குத் தினகரன் இருக்கிறான்.

பிரியாணிக் கடைக்காரர் பையை மடித்துக்கொண்டு போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது தீபிகா என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் வைத்தே எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தால் என்ன.

ஜூலை 30, செவ்வாய்

இன்று யாரும் மிக்ஸி போடவில்லை. அது பாட்டுக்குக் கொக்கரித்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கொடிக்குச் சேவல் வரையக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இருபது வருஷமாக யானை, யாளி, அன்னம் எல்லாம் கட்டம் கட்டமாக வரைந்தவன். சேவலும் வரைந்துவிட்டேன். பெரிய கொண்டை, அரிவாள் மாதிரி வால், காலில் சேவலுக்கு மட்டும் வருகிற முள். தீபிகா வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"யாருப்பா இது?" என்றாள்.

கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்தேன். கமலாட்சியைக் கூடையோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, முதலில் இருந்து ஆரம்பித்தேன். ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

கொடியைத் துரைக்கண்ணு தறியிலேயே ஏற்றினார்கள். வாலுக்கு மட்டும் மயில்கழுத்து. அவரே உட்கார்ந்து நெய்கிறார். நெய்யும்போது துணியின் பின்பக்கம்தான் மேலே இருக்கும், முன்பக்கம் அடியில் என்பதால் அவருக்கு இன்னும் உருவம் சரியாகத் தெரியாது. வரைந்தது கமலாட்சியைப் பார்த்து என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

நவம்பர் 2, சனி

கந்த சஷ்டி ஆரம்பம். காலையில் கொடி ஏற்றினார்கள்.

காற்று நன்றாக இருந்தது. கொடி முழுசாக விரிந்தது. உருண்ட வயிறு, சின்னக் கொண்டை, கண்ணைச் சுற்றி மை. பெண்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவே இல்லை. தீபிகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் குனியவில்லை.

துரைக்கண்ணு கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கால்ல முள்ளு காணமே தினகரா" என்றார், மெதுவாக.

"இல்ல தலைவரே" என்றேன்.

மறுபடியும் மேலே பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.