நீ அனுப்பும் பணம்

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் இங்கே நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

விவாகரத்து வழக்கு முடியும்வரை அம்மாவுக்கு மாதாமாதம் பணம் தரவேண்டும் என்று அப்பாவுக்குக் கோர்ட் உத்தரவு போட்டதே, இடைக்கால ஜீவனாம்சம் என்று? அதில் இடைக்காலம் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. வாடகை பாக்கி என்று வீட்டுக்காரர் மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார். அம்மா எதிர்வீட்டுக் குழாயில் குடம் பிடிக்கிறாள். மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டுமாம்.

அதனால் அப்பாவின் வாடகை நாற்காலிக் கடையை ஜப்தி செய்யச் சொல்லி மனு போட்டோம். அன்றைக்கு ஐயா கிழிந்த சட்டையோடு கோர்ட்டுக்கு வந்தார். பாவம், ஷூவை மாற்ற மறந்துவிட்டார். அதில் நான் முகம் பார்த்துத் தலை சீவியிருக்கலாம். கடன் முற்றிப்போய்க் கடையைத் தம்பிக்கே எழுதிக்கொடுத்துவிட்டேன், எனக்கு ஒரு பைசா வருமானமில்லை என்று மூக்கை உறிஞ்சினார்.

என் கை சும்மா இருக்குமா? தோழியின் போனிலிருந்து, எங்கள் தலைமை ஆசிரியை குரலில் கடைக்குப் பேசினேன். பள்ளி விழாவுக்கு ஐந்நூறு நாற்காலி வேண்டும் என்றேன். அம்மாவை ஒருநாளும் மரியாதையாகக் கூப்பிடாத வாய், சொல்லுங்க மேடம், வாங்க மேடம் என்று வழிந்தது. ஓனரிடம்தான் பேசுவேன் என்று முறுக்கினேன். நான்தான் ஓனர் மேடம், பொண்டாட்டி கேஸுக்காகத் தம்பி பேருக்கு மாத்தி வெச்சிருக்கேன், கேஸ் முடிஞ்சா திரும்ப என் பேருக்கு வந்துடும் என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவேறு செய்தார், அக்கா. எல்லாம் பதிவாகியிருக்கிறது. பெற்ற மகளின் குரல்கூடத் தெரியாத மனுஷன்!

நம் வக்கீலம்மா அதைக் கேட்டுவிட்டு, இது மட்டும் போதாது, வெட்டி ஒட்டினது என்று உங்கப்பா சாதிப்பார் என்றார். அதோடு, அப்பாவிடம் சாட்சிக்கு உன் பேர் இருக்கிறது. நீ மாதாமாதம் அவருக்கு அனுப்பும் பணத்தைக் காட்டி, மகள் போடும் பிச்சையில்தான் சாப்பிடுகிறேன் என்று நீதிபதியிடம் அழுதிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் ஜப்தியை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிவைத்தார்கள். நீ ஓவர்டைம் பார்த்து அனுப்பும் காசு, அம்மாவின் வீட்டைப் பூட்டப்போகிறது.

கடை மூடிவிட்டது என்று அப்பா சொன்னதை நம்பித்தான் அனுப்பினேன் என்று கோர்ட்டுக்கு ஒரு வாக்குமூலம் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பு. வாய்தா வரும் வெள்ளிக்கிழமை.

இதை உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவளுக்காவது ஒரு அப்பா இருந்துட்டுப் போகட்டும்டி என்றாள். சத்தியத்தை மீறிவிட்டேன்.

நீ அவரை வெறுக்கவேண்டாம், அக்கா. அந்த வேலையை நான் முழுநேரமாகப் பார்த்துக்கொள்கிறேன். நீ நடந்ததை மட்டும் எழுது.

அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு.

உன் தங்கை,
வாலு