இன்று நான் வீட்டில் இல்லை

உங்களுக்கு,

கலை மன்றத்தில் ஒரு வாரமாக நடக்கும் இலவச நிகழ்ச்சிகளுக்கு இன்று கடைசி நாள். வீணைக் கச்சேரிக்குப் போகிறேன். திங்கட்கிழமைச் சொற்பொழிவு, உங்கள் சித்தப்பா தரிசனத்துக்கு வந்ததில் போயிற்று. புதன்கிழமைப் படம் உங்கள் அத்தையால் போயிற்று. இன்றும் என்னைக் கேட்காமல் சித்தூர் அத்திம்பேரிடம், "தாராளமா வாங்கோ, வஸுமதி ஆத்துலதான் இருப்பா" என்று போனில் சொல்லிவிட்டீர்கள். திருப்பதியில் குடியிருந்தால் வீடு சத்திரமா?

"ஓசிக் கச்சேரிக்கா இப்படிப் பறக்கறே?" என்று வேறு கேட்டீர்கள். மலையில் தர்ம தரிசனமும் ஓசிதான். அந்த வரிசையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற உங்கள் மனுஷர்களை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லையே!

சாத்துமுதும் கறியமுதும் சமையல் மேடைமேல் மூடியிருக்கின்றன. சாதம் நீங்கள் வையுங்கள். மாடி அறைச் சாவி ஆணியில் தொங்குகிறது. அத்திம்பேர் அங்கே படுக்கட்டும்.

வஸுமதி

அப்பளம் பொரிக்கவில்லை. அவர் கேட்டால் நீங்களே பொரித்துப் போடுங்கள்.

இன்னொன்று. அவருக்குப் பரிமாறிவிட்டு வருவதானால் வாருங்கள். பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்திருப்பேன். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் எடுத்துவிடுவேன்.