அரையும் மூணுல ஒண்ணும்

என்னங்க,

டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா அஞ்சுல ரெண்டுன்னு நேத்து நம்ம பொண்ணுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்குடுத்தீங்க. இல்லைன்னு சொன்னவளைத் திட்டி அழவெச்சீங்க.

சரி. ஃப்ரிட்ஜில ஒரு கேக்குல பாதியும், அதே அளவு இன்னொண்ணுல மூணுல ஒரு பங்கும் இருந்துச்சு. ரெண்டும் உங்களுக்குத்தான். உங்க கணக்குப்படியே ஒரு கேக்குல அஞ்சுல ரெண்டு பங்கு தட்டுல வெச்சிருக்கேன். என்னடா, அரை கேக்கைவிடக் கம்மியா இருக்கேன்னு முழிக்காதீங்க. மிச்சம் இருக்கிற இடம் பொண்ணுக்குத்தான் தெரியும். ஸ்கூல் விட்டு வந்ததும் மன்னிப்புக் கேளுங்க, காட்டுவா.

வெளிய போனா சாவியை மாடிவீட்டு அக்காகிட்ட குடுங்க.

பி.கு.: அரை மனசா கேட்டா மிச்சத்துல அரைதான் கிடைக்கும். அவ பெருக்கல்லயும் கெட்டி.