வாயிலில் தொங்கும் படம்

புதன்கிழமை இரவு, திருப்பதி விடுதி.

ஆராய்ச்சி வாரத்தில், எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பற்றிய என் போஸ்டருக்கு முதல் பரிசு. பெரிதாக அச்சிட்டு பல்கலைக்கழக வாயிலில் கட்டிவிட்டார்கள். அப்போதுதான் கவனித்தேன். படத்தில் இருக்கும் மோட்டார் கொட்டகைச் சுவரில், கிணற்றுக்காரரான எங்கள் ஊர் ஏகாம்பரம் மாமாவின் பெயர் தமிழில் தெரிகிறது. கீழே தெலுங்கில், இந்தத் தண்ணீரில் புளோரைடு அதிகம், குடித்தால் எலும்பு கோணும் என்று நான் எழுதியது. இங்கே தமிழ் படிக்க யார் இருக்கிறார்கள் என்று அசட்டையாக விட்டுவிட்டேன். தமிழ்நாட்டு எல்லையோரத்து எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இரண்டும் படிக்கத் தெரியும்.

"பொண்ணுக்கு சம்மந்தம் பேசிக்கினு இருக்கோம், எம்பேரு மட்டும் வெளிய வரக்கூடாதும்மா" என்று சொல்லித்தான் மாமா சோதனைக்குத் தண்ணீர் எடுக்க விட்டார்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். "பிரைஸ் வாங்கினியாமே. நாளைக்கு நாராயணவனத்து மாப்பிள்ள வீட்டாரையும் கூட்டிக்கினு வரேன். கேட்டாண்ட நின்னு போட்டோ எடுத்துக்கலாம்."

வாங்க மாமா என்றேன்.